ஒரு பிளஸ், ஒரு மைனஸ், ஐந்து ஆய்வுக் கட்டுரைகள்

இன்னைக்கு ஒரு சாஃப்ட்வேர் பக் பத்திப் பேசப் போறோம். இதுல ராக்கெட் வெடிக்கலை, பேங்க் சர்வர் படுக்கலை, யாரும் பணத்தை இழக்கலை. புரோகிராம் ஒரு தடவை கூட க்ராஷ் ஆகலை. ஒரு எரர் மெசேஜ் கூட வரலை. அஞ்சு வருஷம் சமர்த்தா ஓடுச்சு. ஓடி முடிச்சப்போ ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாப் போச்சு.

2006 டிசம்பர் 22. 'சயன்ஸ்' இதழ்ல ஒரு சின்னக் கடிதம் வருது. அமெரிக்காவில, கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில இருக்கிற ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தோட ஜெஃப்ரி சாங்கும் அவருடைய குழுவினரும் எழுதினது. சாரம் இதுதான்: 'சயன்ஸ்'ல நாங்க வெளியிட்ட மூணு கட்டுரைகளையும் திரும்பப் பெறுகிறோம். எங்க ஆய்வகத்தில் பயன்படுத்தின ஒரு புரோகிராம், டேட்டாவில ஒரு குறியை மாத்தி எழுதியிருக்கு. பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ், மைனஸ் இருக்க வேண்டிய இடத்தில் பிளஸ். வேற இதழ்கள்ல வந்த ரெண்டு கட்டுரைகளுக்கும் இதே கதிதான். மொத்தம் அஞ்சு.

இது எப்படி நடந்துச்சு, ஏன் அஞ்சு வருஷம் யாருக்கும் தெரியலைன்னு புரியணும்னா, எக்ஸ்ரே டேட்டா ஒரு புரதத்தோட உருவமா மாறுற பாதையைக் கொஞ்சம் நடந்து பார்க்கணும். பயப்படாதீங்க, கணக்கு போட மாட்டேன்.

புள்ளி இருக்கு, கோடு இல்லை

1912ல, ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில், மாக்ஸ் ஃபான் லாவே சொன்ன யோசனைப்படி ஃபிரீட்ரிக், நிப்பிங்னு ரெண்டு பேர் காப்பர் சல்ஃபேட் படிகத்து மேல எக்ஸ்ரேயைப் பாய்ச்சினாங்க. பின்னாடி வெச்ச ஃபோட்டோ தகட்டில் புள்ளி புள்ளியா ஒரு வடிவம் விழுந்துச்சு. படிகத்துக்குள்ள அணுக்கள் ஒழுங்கா வரிசை கட்டி நிக்குது, அதுல பட்டு எக்ஸ்ரே குறிப்பிட்ட திசைகள்ல மட்டும் சிதறுது. அந்தச் சிதறல்தான் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்ல இருந்து அணுக்களோட இடத்தைக் கணக்கிட முடியும்னு இங்கிலாந்தின் பிராக் அப்பாவும் மகனும் காட்டினாங்க. 1915ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. மகன் லாரன்ஸ் பிராக்குக்கு அப்போ வயசு 25.

கேக்க ஈஸியா இருக்கு. சிக்கல் எங்கேன்னா, ஒவ்வொரு புள்ளியும் ஒரு அலை. அலைக்கு ரெண்டு விவரம் உண்டு: எவ்வளவு உயரம், எந்த இடத்தில் ஆரம்பிக்குது. ஃபிலிம் முதல் விவரத்தை மட்டும் பிடிக்கும். ரெண்டாவது, அதாவது ஃபேஸ், அளக்கும்போதே தொலைஞ்சு போயிடும். வாசல்ல யாரோ கோலத்துக்குப் புள்ளி மட்டும் வெச்சுட்டு உள்ளே போயிட்டாங்கன்னு வைங்க. அதே புள்ளிகளை வெச்சு எத்தனையோ கோலம் போடலாம். அவங்க மனசுல இருந்தது எதுன்னு புள்ளியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கிரிஸ்டலோகிராஃபிக்காரங்க இதை ஃபேஸ் பிராப்ளம்னு சொல்றாங்க.

மாக்ஸ் பெரூட்ஸ் 1937ல ஹீமோகுளோபினை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தார். 1953ல தான் வழி கிடைச்சது: புரதத்துக்குள்ள பாதரசம் மாதிரி கனமான அணுவை நுழைச்சு, புள்ளிகளோட பிரகாசம் எப்படி மாறுதுன்னு பார்த்து ஃபேஸைக் கண்டுபிடிக்கலாம். இதே வழியில அவருடைய சக ஆய்வாளர் ஜான் கெண்ட்ரூ 1958ல மயோகுளோபினோட முதல் உருவத்தைக் கொண்டு வந்தார். அந்த முதல் மங்கலான படத்துக்கே சுமார் 400 புள்ளிகள் தேவைப்பட்டுச்சு. 1960ல வந்த தெளிவான படத்துக்கு கிட்டத்தட்ட 10,000. கணக்கு போட்டது கேம்பிரிட்ஜோட எட்சாக் கம்ப்யூட்டர். அதாவது புரதக் கிரிஸ்டலோகிராஃபி பிறக்கும்போதே கையில கம்ப்யூட்டரோட பிறந்த துறை. கோட்ல இருக்கிற தப்பு அறிவியல்ல தப்பா மாறுற வாய்ப்பும் அன்னைக்கே கூடப் பிறந்துடுச்சு.

இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும்

இப்போ நம்ம கதைக்கு முக்கியமான இடம். ஒவ்வொரு புள்ளிக்கும், மையத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜோடிப் புள்ளி இருக்கும். சாதாரணமா ரெண்டும் ஒரே பிரகாசம். இதை ஃப்ரீடல் விதின்னு சொல்வாங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கிறதால, உருவமும் அதோட கண்ணாடி பிம்பமும் ஒரே டேட்டாவைத் தரும். கையில இருக்கிறது இடது கால் செருப்பா, வலது கால் செருப்பான்னு தெரியாது.

உயிரியல்ல இது சின்ன விஷயம் கிடையாது. நம்ம உடம்புல இருக்கிற புரதங்களோட அமினோ அமிலங்கள் ஒரே கைப்பக்கம் கொண்டவை. 1891ல எமில் ஃபிஷர் சர்க்கரைகளோட அமைப்பை எழுதினப்போ, எது இடது எது வலதுன்னு தெரியாததால ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அதையே மரபா வெச்சுக்கிட்டார். பூவா தலையா மாதிரிதான். அறுபது வருஷம் கழிச்சு, 1951ல, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் பைஃபூட்டும் அவர் குழுவும் அந்தக் காசைத் திருப்பிப் பார்த்தாங்க. கனமான அணுவுக்கு ஏத்த அலைநீளத்தில் எக்ஸ்ரே அடிச்சா, ஜோடிப் புள்ளிகள் ரெண்டும் கொஞ்சமா வேறுபடும். எது பெருசு, எது சின்னதுங்கிறதுதான் இடது, வலது விவரத்தைச் சொல்லும். ஃபிஷர் சரியாத்தான் ஊகிச்சிருந்தார்.

இந்தச் சின்ன வித்தியாசத்தை வெச்சு கைப்பக்கம் மட்டும் இல்ல, ஃபேஸையே கண்டுபிடிக்கலாம்னு யோசிச்ச முன்னோடிகள்ல ஒருத்தர் நம்ம ஊர்ல இருந்தார். கிண்டியில மெட்ராஸ் பல்கலைக்கழக இயற்பியல் துறையை நடத்திட்டிருந்த ஜி.என். ராமச்சந்திரன், எஸ். ராமனோட சேர்ந்து 1956ல இதைப் பத்தி 'கரன்ட் சயன்ஸ்' இதழ்ல எழுதினார். ராமச்சந்திரன்னா கொலாஜனோட மூணு இழை அமைப்பும், 1963ல வந்த ராமச்சந்திரன் வரைபடமும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இந்த வேலையைப் பத்தி அவ்வளவா பேசுறதில்லை.

நாம மனசுல வெச்சுக்க வேண்டியது ஒண்ணுதான். ஜோடிப் புள்ளிகள்ல முதலாவதை பிளஸ்னும் அடுத்ததை மைனஸ்னும் வெச்சுக்குவோம். அந்த ரெண்டு எண்களும் இடம் மாறிட்டா, வித்தியாசத்தோட குறி மாறும். குறி மாறினா, வலது கால் செருப்பு இடது கால் செருப்பாத் தெரியும்.

லா ஹோயாவில என்ன நடந்துச்சு

சாங் எடுத்துக்கிட்டது சவ்வுப் புரதங்கள். செல்லோட கொழுப்புச் சுவர்ல பதிஞ்சு கிடக்கிற இந்த ரகம் படிகமா மாறவே அடம் பிடிக்கும். 2001ல அவர், எம்எஸ்பிஏ என்கிற பாக்டீரியா புரதத்தோட உருவத்தை 'சயன்ஸ்'ல வெளியிட்டார். பாக்டீரியாவோட சவ்வுல கொழுப்பு மூலக்கூறுகளை ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் தள்ளுற பம்ப் அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பி-கிளைகோபுரோட்டீன், புற்றுநோய் செல்களுக்குள்ள போற மருந்தை வெளியே தள்ளிவிடும். கீமோதெரபி சிலருக்கு ஏன் வேலை செய்யறதில்லைங்கிற கேள்விக்கும் இந்தக் குடும்பத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. அதனால கட்டுரைக்குப் பெரிய வரவேற்பு. 300க்கும் மேற்பட்ட வெளியீடுகள் அதை மேற்கோள் காட்டினாங்க. சாங் இளம் விஞ்ஞானிகளுக்கான அமெரிக்க அதிபர் விருது வாங்கினவரும் கூட.

அடுத்தடுத்து 2003, 2004, 2005னு கட்டுரைகள் வந்துட்டே இருந்துச்சு. 2006 செப்டம்பர்ல, சுவிட்சர்லாந்தின் சூரிக்ல ரோஜர் டாசனும் காஸ்பர் லாக்கரும் எஸ்ஏவி1866 என்கிற உறவுக்காரப் புரதத்தோட உருவத்தை 'நேச்சர்' இதழ்ல வெளியிட்டாங்க. ரெண்டு புரதமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கணும். ஆனா முகச்சாயலே ஒத்துப்போகலை. லாக்கர் குழுவோட படம் 3 ஆங்ஸ்ட்ராம் தெளிவுல இருந்துச்சு. சாங்கோட முதல் படம் 4.5 ஆங்ஸ்ட்ராம். இந்த எண் சின்னதா இருக்க இருக்கத் தெளிவு அதிகம்.

சாங் குழு தங்கள் டேட்டாவைத் தோண்ட ஆரம்பிச்சாங்க. டிடெக்டர்ல பதிவான டேட்டா சரியா இருந்துச்சு. படிகங்களும் சரி. நடுவுல ஒரு புரோகிராம். புள்ளிகளோட பிரகாசத்தை வாங்கி, அலையோட உயரமா மாத்தி, அடுத்த கட்டத்துக்குக் கொடுக்கிற வேலை அதுக்கு. பெரிய, எல்லாரும் பயன்படுத்துற தொகுப்பு எதுலயும் அது சேர்ந்தது இல்லை. இன்னொரு ஆய்வகத்துல இருந்து வந்த சொந்தத் தயாரிப்பு. அந்த மாத்துற வேலைக்கு நடுவுல, பிளஸ் ஜோடியை மைனஸ் இடத்துலயும் மைனஸ் ஜோடியை பிளஸ் இடத்துலயும் எழுதிட்டிருந்தது. கிடைச்ச எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் முழுசும் கண்ணாடி பிம்பம். அதுக்குள்ள புரதச் சங்கிலியைப் பொருத்தினப்போ, சங்கிலி தப்பான வழியில போச்சு.

ஏன் யாருமே பார்க்கலை?

இந்தக் கதையைச் சொன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது இதைத்தான். பதில் ஒண்ணு இல்லை, நாலு.

முதல் காரணம், தெளிவு போதாது. புரதத்துக்குள்ள ஆல்ஃபா ஹீலிக்ஸ்னு ஸ்பிரிங் மாதிரி பகுதிகள் இருக்கும். எப்பவும் வலதுபக்கமா முறுக்கினது. படம் தெளிவா இருந்தா, முறுக்கு இடதுபக்கம் போறது கண்ணுல பட்டிருக்கும், அன்னைக்கே மாட்டியிருக்கும். ஒரு சுத்துக்கு நீளம் 5.4 ஆங்ஸ்ட்ராம். 4.5 ஆங்ஸ்ட்ராம் தெளிவுல பார்த்தா அது ஸ்பிரிங்காவே தெரியாது, முருங்கைக்காய் மாதிரி நீளமா, உருளையாத் தெரியும். முருங்கைக்காய்க்கு இடது ஏது, வலது ஏது?

ரெண்டாவது, சரிபார்க்கிற எண் காப்பாத்தலை. 1992ல ஆக்சல் பிரூங்கர் ஆர்-ஃப்ரீன்னு ஒரு அளவுகோலைக் கொண்டு வந்தார். மெஷின் லேர்னிங் படிச்சவங்களுக்கு உடனே புரியும்: டேட்டாவில ஒரு சின்னப் பங்கை மாடல் கண்ணுல காட்டாம ஒளிச்சு வெச்சு, கடைசியில அதை வெச்சுப் பரீட்சை நடத்துறது. சாங் குழு, ஒரே புரதத்தோட பல பிரதிகளை ஒரே நேரத்துல டேட்டாவோட பொருத்துற முறையைப் பயன்படுத்தினாங்க. அந்த முறைதான் தப்பான உருவத்துக்கும் ஏத்துக்கக்கூடிய எண்களைத் தந்துடுச்சுன்னு கடிதத்துலயே ஒத்துக்கிட்டாங்க. டேட்டா கம்மி, மாடல்ல திருகிற குமிழ்கள் நிறைய. இதுக்கு நம்ம துறையில ஓவர்ஃபிட்டிங்னு பேரு.

மூணாவது காரணம்தான் ஒரு இன்ஜினியரா எனக்கு ரொம்ப உறுத்துறது. எம்எஸ்பிஏ கட்டுரைகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போச்சு. வேற வேற பாக்டீரியா, வேற வேற படிகம், ஆனா கதை ஒண்ணு. வெளியில இருந்து பார்த்தா இது பலமான சான்று. உள்ளே எல்லா டேட்டாவும் ஒரே புரோகிராம் வழியா வந்தது. ஒரே தராசுல பத்து தடவை நிறுத்தா பத்து தடவையும் ஒரே எடைதான் வரும். தராசு சரியான்னு அது சொல்லாது.

நாலாவது, மனுஷங்க. அந்த உருவத்தோட ஒத்துப்போகாத உயிர்வேதியியல் சோதனைகள் முன்னாடியே இருந்துச்சு. அந்த முடிவுகளை இதழ்கள்ல ஏத்துக்க வைக்கவே கஷ்டமா இருந்ததுன்னு டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருத்தர் பிறகு சொன்னார். படிக உருவம் இருக்கும்போது உங்க மறைமுகச் சோதனை எதுக்குங்கிற மனநிலை. யோசிச்சுப் பாருங்க: அவங்க டேட்டா சரி, ஆனா தப்பா இருக்கிற பிரபலமான படத்தோட ஒத்துப்போகலைங்கிறதுக்காக அவங்க விளக்கம் சொல்லணும். அந்த அஞ்சு வருஷத்துக்கான விலையில ஒரு பங்கை, பக் எழுதினவங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவங்க கொடுத்திருக்காங்க.

கேள்வி நேரம்

இது மோசடியா?

இல்லை. டிடெக்டர்ல பதிவான டேட்டா உண்மையானது. தப்பு தெரிஞ்ச மூணு, நாலு மாசத்துக்குள்ள பொதுவெளியில ஒத்துக்கிட்டு, காரணத்தையும் குறிப்பா எழுதினாங்க. அதனாலதான் இன்னைக்கு இதைப் பாடமாப் பேச முடியுது. 2007லயே அதே குழு திருத்தின எம்எஸ்பிஏ உருவங்களை வெளியிட்டாங்க. 2009ல, முன்னாடி சொன்ன பி-கிளைகோபுரோட்டீனோட உருவத்தையும் கொண்டு வந்தாங்க.

எல்லாரும் நம்பகமான ஒரே சாஃப்ட்வேரைப் பயன்படுத்தியிருக்கலாமே?

1979லயே பிரிட்டன்ல சிசிபி4னு ஒரு கூட்டுத் திட்டம் ஆரம்பிச்சாச்சு. ஆளாளுக்குத் தனித்தனியா எழுதிட்டிருந்த புரோகிராம்களை ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வர்றதுதான் நோக்கம். ஆனா நடைமுறையில, புள்ளிகளை அளக்கிற புரோகிராம் ஒண்ணு, ஃபேஸ் கண்டுபிடிக்கிறது இன்னொண்ணு, பொருத்துறது வேறொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஃபைல் ஃபார்மேட். நடுவுல பாலம் போட ஆராய்ச்சி மாணவர்கள் குட்டி குட்டி ஸ்கிரிப்ட் எழுதுவாங்க. இந்தத் துறையில அதுக்கு ஜிஃபின்னு செல்லப் பேரே உண்டு. ரெண்டு நிமிஷ வேலை, யாரு டெஸ்ட் எழுதப் போறா? நம்ம ஆபீஸ்லயும் ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு சிஎஸ்வி மாத்துற ஸ்கிரிப்ட் ஒண்ணு இருக்கும். எழுதினவர் கம்பெனியை விட்டே போயிருப்பார். எல்லாரும் அதைத் தினமும் ஓட்டுவாங்க, யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டாங்க.

டேட்டா நல்லா இருக்கான்னு ஒரு எண்ணை வெச்சுச் சொல்ல முடியாதா?

ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினாங்க. ஆர்-மெர்ஜ்னு ஒரு எண் உண்டு. ஒரே புள்ளியைப் பல தடவை அளந்தா, அளவுகள் எவ்வளவு முரண்படுதுன்னு காட்டும். கம்மியா இருந்தா நல்லதுன்னு வழக்கம். ஆனா ஒரு வேடிக்கை: அதிக தடவை அளந்தா சராசரி துல்லியமாகும், ஆர்-மெர்ஜ் மட்டும் ஏறும். டேட்டா நல்லாகும்போது மார்க் குறையுது! இதைச் சரிசெய்ய 1997ல டீடரிக்ஸும் கார்ப்ளஸும் ஒரு திருத்தின அளவைக் கொடுத்தாங்க. 2012ல அதே ரெண்டு பேரும், அளவுகளை ரெண்டு பாதியாப் பிரிச்சு, ஒரு பாதி மறுபாதியோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்க்கிற வழியைப் பரிந்துரைச்சாங்க. பழைய அளவுகோலை நம்பி, உருவத்தைச் செம்மைப்படுத்த உதவக்கூடிய டேட்டாவையே வெட்டி எறிஞ்சுட்டு இருக்கோம்னும் காட்டினாங்க.

ஆனா ஒண்ணு கவனிங்க. இந்த அளவுகோல்கள்ல எதுவுமே சாங்கோட பக்கைப் பிடிச்சிருக்காது. பிளஸ், மைனஸ் இடம் மாறினாலும் அளவுகள் ஒண்ணுக்கொண்ணு அதே மாதிரிதான் ஒத்துப்போகும். டேட்டா எவ்வளவு சீரா இருக்குங்கிறது ஒரு கேள்வி. அதுக்கு ஒட்டின லேபிள் சரியாங்கிறது வேற கேள்வி.

அப்போ எதைப் பண்ணியிருந்தா பிடிபட்டிருக்கும்?

விடை தெரிஞ்ச ஒண்ணை அதே பாதையில ஓட்டிப் பார்த்திருந்தா. கோழி முட்டை வெள்ளைக்கருவுல இருந்து எடுக்கிற லைசோசைம் என்கிற புரதம் இந்தத் துறையோட 'ஹலோ வேர்ல்ட்'. சுலபமா படிகமாகும், உருவம் எல்லாருக்கும் தெரியும், டேட்டாவும் தெளிவா வரும். அதோட ஜோடிப் புள்ளிகளை அந்த புரோகிராமுக்குள்ள அனுப்பியிருந்தா, ஹீலிக்ஸ் எல்லாம் இடதுபக்கம் முறுக்கிக்கிட்டு வெளியே வந்திருக்கும். ஒரு மத்தியான வேலை.

அதுக்கப்புறம்

உலக அளவுல புரத உருவங்களைச் சேர்த்து வைக்கிற புரோட்டீன் டேட்டா பேங்க் 1971ல வெறும் ஏழு உருவங்களோட ஆரம்பிச்சது. ரொம்ப காலம், அணுக்களோட இடங்களை மட்டும் கொடுத்தா போதும், அதுக்கு ஆதாரமான புள்ளி டேட்டாவைக் கொடுக்கிறது அவங்கவங்க விருப்பம். 2008 பிப்ரவரியில இருந்து அது கட்டாயம். இப்போ ஒவ்வொரு உருவத்தோடவும் ஒரு சரிபார்ப்பு அறிக்கை வருது. ராமச்சந்திரன் வரைபடத்தில் எத்தனை அமினோ அமிலங்கள் இருக்கக் கூடாத இடத்துல இருக்குங்கிறதும் அதுல ஒரு வரி. கிண்டியில 1963ல கணக்குப் போட்ட ஒரு வரைபடம், இன்னைக்கும் இந்தப் பாதையோட கடைசி வாசல்ல டிக்கெட் பரிசோதகர் மாதிரி நிக்குது.

இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போ, சாங்கோட கடிதத்துல அந்தக் குறி மாற்றத்தை விளக்குற வாக்கியம் எவ்வளவு சின்னதுங்கிறதுதான் என் மனசுல நின்னுச்சு. நம்ம டீம்ல போஸ்ட்-மார்ட்டம் எழுதும்போது பொதுவா 'சில தொழில்நுட்பக் காரணங்களால்'னு பூசி மெழுகுவோம். அங்கே எந்த எண் எந்த இடத்துக்குப் போச்சுன்னே இருக்கு. அதைப் படிச்ச இன்னொரு ஆய்வகம் தன்னோட ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்க முடியும்.

இந்த வாரம் நீங்க செய்யறதுக்கு ஒரு வேலை. உங்க பைப்லைன்ல யாரும் திறந்து பார்க்காத அந்த கன்வர்ட்டர் ஸ்கிரிப்ட் எதுன்னு கண்டுபிடிங்க. விடை தெரிஞ்ச ஒரு சின்ன ஃபைலை அதுக்குள்ள அனுப்புங்க. என்ன வந்துச்சுன்னு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம்.